பி சைடு கடைசிப் பாட்டு

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க தம்பி. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒன்னுதான். கண்ணுல புரை வுழுந்து போச்சு, வெளிய பாத்தா எல்லாம் வெள்ளையாத்தான் தெரியுது. ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. கள்ளிமேட்டுப் பிரிவு வந்தா சித்த சொல்லிருங்க, நான் அங்க இறங்கோணும். ஒரு எழவுக்குப் போறேன். உச்சிப் பொழுதுக்கு முன்னாடி எடுத்துருவாங்களாம். போயி மூஞ்சியைப் பாத்துரோணும். பாக்கறதுக்கு மட்டும் போகலை, இன்னொரு வேலையும் இருக்குது.

பஸ்ஸுல போட்டிருக்கற பாட்டைக் கேட்டீங்களா இப்ப? பல்லவி பாடி முடிச்சு, சரணத்துக்கு வாய் தொறந்தான், அதுக்குள்ள மாத்திட்டான். இதையும் மாத்துவான் பாருங்க. இந்த டிரைவர் ஒரு பாட்டைக்கூட முழுசா விடமாட்டேங்கறான். பொண்டாட்டிகிட்டயாவது ஒரு பேச்சு முழுசாப் பேசுவானோ என்னமோ.

நானும் டிரைவர்தானுங்க. பேரு மாரப்பன். உடுமலை - தாராபுரம் ரூட்ல மஞ்ச வண்டின்னு ஒன்னு ஓடுச்சு. வயசானவங்களைக் கேட்டுப் பாருங்க, தெரியும். என் வண்டியில ஒரு ட்ரிப்புக்கு ஒரு கேசட். உடுமலை ஸ்டேண்டுல சாவி போடறப்ப ஏ சைடு மொதல் பாட்டு. நால்ரோட்டுல டீக்கு நிறுத்தறப்ப திருப்பிப் போடுவேன். தாராபுரம் உள்ள நுழையறப்ப பி சைடு கடைசிப் பாட்டு முடிஞ்சு, அந்த ஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருமே, அது வரும். அதோட சனம் இறங்கும். அந்தப் பாட்டைப் போடு, இதைத் திருப்பிப் போடுங்கற பேச்சே கிடையாது. மெட்டுப் போட்டவரு ரோசனை இல்லாமலா வரிசை வெச்சாரு? நம்ம இஷ்டத்துக்கு நடுவுல புடுங்கித் திங்கறதுக்கு அது என்ன பலாப்பழமா?

காலையில மொத ட்ரிப்புக்கு முருகன் கேசட். மொதல் பாட்டுல நடை தொறக்கும், கடைசியில நடை சாத்தும். நடுவுல காவடிப் பாட்டு ஒன்னு வரும், அதை மட்டும் திரும்பப் போடச் சொல்லி ஒரே தொந்தரவு. நடையே தொறக்காம சாமி எப்படிங்க காவடி வாங்கும்? மத்தியானம் நாதஸ்வரம். மல்லாரியில எடுத்து மங்களத்துல முடியும். கூட்டம் இருக்காது, அதனால அந்த நேரத்துக்கு அது. தவில்காரர் தனியா வாசிக்கற எடத்துல கண்டக்டர் விசில் ஊதுவான். கிட்டுசாமின்னு பேரு. நல்லவன்தான், காதுதான் இல்லை. அந்த விசிலுக்காகவே நான் அவன்கூட ஒரு வாரம் பேசாம இருந்திருக்கேன்.

இதுக்கெல்லாம் நடுவுல ஒரு பொண்ணு ஏறுவா. எட்டரை மணி ட்ரிப்புல ஒரு சினிமாக் கேசட் ஓடும். படம் பேரு சொன்னா உங்களுக்குத் தெரியாது, ரெண்டாவது வாரமே தேட்டர்ல இருந்து தூக்கிட்டாங்க. நானே படம் பாக்கலை. அதுல மொதல் பாட்டு ஆம்பளை பாடறது. நீ என்கூட வர்றியான்னு கேக்கறான். அப்பறம் என்னென்னமோ பாட்டு, குத்துப் பாட்டு, தாலாட்டு, எல்லாம் ஓடும். கடைசிப் பாட்டு பார்த்தீங்கன்னா அதே மெட்டு, பொம்பளைக் குரல். கொஞ்சம் நிதானமா. அவன் கேட்டதுக்கு அவ பதில் சொல்றா. பதிலும் உடனே சொல்றதில்லை. கடைசி சரணத்துல, கடைசி வரியிலதான் வர்றேங்கறா. மொதல் பாட்டைக் கேக்காதவனுக்குக் கடைசிப் பாட்டு ஒன்னுமே இல்லை. கடைசியைக் கேக்காதவனுக்கு மொதல் பாட்டு சும்மா ஒரு கத்தல். ரெண்டையும் சேத்துக் கேட்டாத்தான் உயிரு. கிட்டுசாமி படத்தைப் பாத்தவன். அந்தக் கடைசிப் பாட்டு படத்துல வரவே இல்லையாம், வெட்டிட்டாங்களாம். கேசட்டுல மட்டும்தான் அவ பதில் சொல்லியிருக்கறா.

ருக்குமணின்னு பேரு அந்தப் பொண்ணுக்கு. வாய்க்கால்மேட்டுல ஏறும், மில் ஸ்டாப்புல இறங்கும். ஸ்பின்னிங் மில்லுல வேலை. ஏறுறப்ப மொதல் பாட்டு முடிஞ்சிருக்கும், இறங்குறப்பக் கடைசிப் பாட்டு ஆரம்பிச்சிருக்காது. சாயங்காலம் திரும்பி வர்றப்ப தாராபுரத்துல இருந்து மறுபடி மொதல்ல இருந்து போடறேன், அப்பவும் அப்படித்தான். போனாலும் வந்தாலும் அவளுக்கு நடுப்பாட்டுதான். அந்தத் தாலாட்டு வர்றப்ப ஜன்னல்ல தலையைச் சாச்சுக் கண்ணை மூடிக்குவா. கண்ணாடியில பாப்பேன். சொல்றதுக்கு என்ன தம்பி, பாத்துட்டே ஓட்டுவேன். எனக்கு அவளைப் புடிச்சுப் போச்சு. அதுக்கு முன்னாடியும் யாரையும் அப்படிப் பாத்ததில்லை, அதுக்கு அப்பறமும் இல்லை.

ஒரு நாள் வந்து கேட்டா. "டிரைவரண்ணா, அந்தத் தாலாட்டை இன்னொருக்காப் போடுங்களேன்." நான் முடியாதுன்னுட்டேன். மூஞ்சி சுண்டிப் போச்சு அவளுக்கு. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒருத்திக்காக வரிசையைக் கெடுத்தா அப்பறம் வண்டியில இருக்கற அத்தனை பேருக்கும் கெடுக்கோணும். கிட்டுசாமி ஒரு ரோசனை சொன்னான். வாய்க்கால்மேடு வந்ததுக்கு அப்பறம் கேசட்டை ஆரம்பியுங்களேன், மொதல் பாட்டாவது அந்தப் புள்ள காதுல விழும்னான். வண்டி எடுக்கறப்பத்தான பாட்டு எடுக்கோணும்? ஸ்டேண்டுல ஏறுனவன் சும்மா உக்காந்து வருவானா? காது இல்லாதவன் சொல்ற ரோசனை அப்படித்தான் இருக்கும்.

நானே வேற வழி கண்டுபுடிச்சேன். புதுக் கேசட் ஒன்னு வாங்கி, டிக்கெட்டோட சேத்து அவகிட்டக் குடுக்கச் சொல்லி கிட்டுசாமிகிட்டக் குடுத்தேன். மொதல் பாட்டுல இருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் ஒட்டுக்காக் கேக்கோணும், நடுவுல நிறுத்தக் கூடாது, கேட்டுட்டு வந்து பதில் சொல்லோணும்னு சொல்லச் சொன்னேன். எதுக்குப் பதில்னு நான் சொல்லலை. அதான் பாட்டுலயே இருக்குதே. மறுநாள் அவ வந்து, வீட்டுல டேப் இல்லீங்கண்ணான்னா. அண்ணன்காரன் வாங்கி வெச்சிருந்ததை வித்துட்டானாம். ஆனா கேசட்டைத் திருப்பித் தரலை. பாருங்க, அதைக் கவனிச்சேன் நானு.

அப்பத்தான் சொன்னேன். ஒரு நாளைக்கு லீவு போட்டுட்டு உடுமலை ஸ்டேண்டுல வந்து ஏறு, கடைசி வரைக்கும் வா, முழுசாக் கேளுன்னு. அவ சிரிச்சா. தலையைக் குனிஞ்சுட்டு இறங்கிப் போயிட்டா. அந்தச் சிரிப்பை நம்பி நான் பங்குனி பூராத்தையும் ஓட்டுனேன். ஸ்டேண்டுல ஒவ்வொரு நாளும் கண்ணாடியைத் தொடச்சு வெச்சுட்டு உக்காந்திருப்பேன்.

என்னங்க தம்பி? என்ன சொல்றீங்க? இருங்க இருங்க, வந்துட்டேன், இனிமேத்தான விசயமே. இந்த எடத்தைச் சொல்லிடறேன்.

ஒரு நாள் வந்தா. சித்திரை பொறந்து கொஞ்ச நாள்தான் இருக்கும். நான் சாவி போடப் போறேன், முன்னாடிப் படியில ஏறுறா. காலையில மொத டவுன் பஸ்ஸைப் புடிச்சு ஊர்ல இருந்து உடுமலைக்கு வந்திருக்கறா. கையில ஒரு துணிப்பை. தாராபுரத்துக்கு டிக்கெட் கேக்கறா. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க. ஒருத்தி என் பேச்சை மதிச்சு, மில்லுக்கு லீவு போட்டுட்டு, பாட்டை முழுசாக் கேக்கோணும்னு வந்திருக்கறா. ரெண்டு தடவை சாவியைத் தப்பாப் போட்டேன்.

மொதல் பாட்டு ஓடுது. கண்ணாடியில பாத்தேன். எனக்குப் பின்னாடி சீட்டுல உக்காந்துட்டு, பின் கண்ணாடி வழியா ரோட்டையே பாத்துட்டு வர்றா. வெக்கம்னு நினைச்சேன். வாய்க்கால்மேடு வந்துச்சு, அவ ஊரு. குனிஞ்சு முந்தானையை எடுத்துத் தலைக்குப் போட்டுக்கிட்டா. வெயில் அப்படித்தான் அடிச்சுது. தாலாட்டு வந்தப்ப இந்தத் தடவை கண்ணை மூடலை. நால்ரோட்டுல டீ வாங்கிக் குடுக்கச் சொன்னேன், வேண்டாம்னுட்டா. கேசட்டைத் திருப்பிப் போட்டேன். மில் ஸ்டாப்பு வந்துச்சு, அவ இறங்கலை. தம்பி, என் வாழ்க்கையில அந்த மில் ஸ்டாப்புல வண்டியை எடுத்த மாதிரி ஒரு நாளும் வண்டி எடுத்ததில்லை. கிளச்சே தெரியலை, வெண்ணெய் மாதிரி எடுத்தேன்.

அப்பத்தான் அந்தப் பாவி வந்தான். பச்ச வண்டி வெள்ளிங்கிரி. எங்களுக்கு அடுத்த டைம் அவனுக்கு. எப்பப் பாத்தாலும் பின்னாடி வந்து முட்டறது, கலெக்சனைப் புடுங்கறது, இதே பொழப்பு. அன்னைக்கு என்னமோ பேய் புடிச்சவன் மாதிரி ஆரன் அடிச்சுட்டு வந்து தாண்டுறான். உள்ள இருந்து எவனோ ஒருத்தன் இடுப்பு வரைக்கும் வெளிய நீட்டி, எங்க வண்டியைப் பாத்துக் கையை ஆட்டிக் கத்துறான். கேலி பண்றாங்கன்னு எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. அந்தப் பொண்ணு வேற வண்டியில இருக்கறா. அவ முன்னாடி ஒருத்தன் தாண்டிப் போனா எப்படிங்க இருக்கும்? அழுத்துனேன்.

கடைசிப் பாட்டு அந்த நேரம் பாத்து ஆரம்பிக்குது. அவ எந்திரிச்சு வந்து என் சீட்டுக்கிட்ட கம்பியைப் புடிச்சுட்டு நின்னா. எப்பவும் டிரைவரண்ணாம்பா. அன்னைக்கு அண்ணாவும் இல்லை ஒன்னும் இல்லை, அவ்வளவு அவசரம்.

"ஏனுங்க, ஊருக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லோணும்."

"சித்த இரு. இந்தப் பாட்டு முடியட்டும். இதுக்குத்தான உன்னை வரச் சொன்னேன்" அப்படின்னேன்.

"பாட்டு இருக்கட்டுங்க. வண்டியை…"

நான் ஒரு கையால சத்தத்தை ஏத்துனேன். அவளுக்கு நல்லாக் கேக்கோணும்னுதான் ஏத்துனேன். கம்பியைப் புடிச்ச கை மட்டும் எனக்குப் பக்கத்துல தெரியுது. நரம்பு பொடைச்சுட்டு இருந்துச்சு. அப்படி லயிச்சுக் கேக்கறா.

நான் மட்டும் எப்பவும் போற வேகத்துல போயிருந்தேன்னு வைங்க, ஊரு எல்லையிலயே அந்தக் கடைசி சரணம் வந்திருக்கும். அவ வர்றேங்கற வரி வந்திருக்கும். அப்பறம் நான் வண்டியை ஓரமா நிறுத்தி, சொல்லு ருக்குமணின்னு கேட்டிருப்பேன். அப்படித்தான் கேக்கோணும்னு மனசுல வெச்சிருந்தேன். எல்லாத்தையும் கெடுத்தது வெள்ளிங்கிரி. அவன் வெரட்டுனதுல, சரணம் எடுக்கறதுக்குள்ள ஸ்டேண்டுக்குள்ள வந்துட்டோம். சாவியைத் திருப்புனா பாட்டு டெக்கும் நின்னு போகும் அந்த வண்டியில. பாட்டு பாதியில நின்னு போச்சு.

பச்ச வண்டியில வந்தவங்க அங்கயே நின்னுட்டு இருந்தாங்க. அவ அண்ணன்காரன் ஒருத்தன், தாய்மாமன் ஒருத்தன். படியில ஏறி, கையைப் புடிச்சு இறக்கிக் கூட்டிட்டுப் போனாங்க. அவ கத்தலை, கித்தலை. ஒரே ஒருக்காத் திரும்பி என்னைப் பாத்தா. பாட்டு பாதியில நின்ன வருத்தம் அவளுக்கும் இருந்திருக்கும்.

பை வண்டியிலயே கிடந்துச்சு. கிட்டுசாமி எடுத்துக் குடுத்தான். ரெண்டு சேலை, ஒரு சீப்பு, நான் வாங்கிக் குடுத்த கேசட்டு, அவ்வளவுதான். ஏதோ விசேசத்துக்குப் போறதுக்குக் கிளம்பியிருப்பா போல. கிட்டுசாமி அன்னைக்கு என் சட்டையைப் புடிச்சுட்டான். அந்தப் புள்ள எதுக்கு வந்துச்சுன்னு உங்களுக்குப் புரியவே இல்லையாண்ணேன்னு கேட்டான். வண்டியை ஊருக்கு வெளியவே நிறுத்தியிருக்கலாமேன்னான். என்னென்னமோ சொன்னான், நான் காதுல வாங்கலை. அப்படி ஏதாவது இருந்திருந்தா அவ சொல்லியிருப்பாளே தம்பி. அவளுக்குத்தான் வாய் இருக்குதே.

அந்த வைகாசியிலயே தாய்மாமனுக்குக் கட்டி வெச்சாங்க. கள்ளிமேட்டுல. நல்ல எடம்னு சொன்னாங்க, தோட்டங்காடு எல்லாம் இருக்குதுன்னு. மில்லுக்கு அனுப்பலை. வெளியவே அனுப்பலைன்னு கிட்டுசாமி சொல்லுவான். அவன் அப்படித்தான், எதையும் பெருசு பண்ணுவான். நான் கல்யாணம் பண்ணிக்கலை. எதுக்குன்னு கேட்டீங்கன்னா, ஒரு கேள்வி கேட்டுட்டு அதுக்குப் பதில் வராம இன்னொருத்திகிட்டப் போயி எப்படிக் கேக்கறதுங்க?

அப்பறம் ஒருக்காத்தான் பாத்தேன். கல்யாணம் ஆகி நாலஞ்சு வருசம் இருக்கும். ஒரு மத்தியானம் வாய்க்கால்மேட்டுல ஏறுனா, இடுப்புல ஒரு பெண்குழந்தை. அடையாளமே தெரியலை எனக்கு, அவ்வளவு இளைச்சுக் கறுத்துப் போயிருந்தா. கிட்டுசாமி சொல்லித்தான் தெரிஞ்சுது. நாதஸ்வரக் கேசட் ஓடிட்டு இருந்துச்சு. என் வாழ்க்கையில ஒரே ஒரு தடவை, ஒரு கேசட்டைப் பாதியில எடுத்தேன்னா அன்னைக்குத்தான். எடுத்துட்டு அந்தச் சினிமாக் கேசட்டைப் போட்டேன். பி சைடை ஓட்டி, கடைசிப் பாட்டு ஆரம்பத்துல கொண்டாந்து வெச்சேன். மொதல் பாட்டைத்தான் அன்னைக்கே கேட்டுட்டாளே, மிச்சம் இதுதான.

ரெண்டு வரி போயிருக்காது. கிட்டுசாமி முன்னாடி வந்தான். "அண்ணே, அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லுது அந்தப் புள்ள."

நான் நிறுத்தலை. இப்பவாவது கேட்டு முடிக்கட்டும்னு சத்தத்தைக் கொஞ்சம் ஏத்தி வெச்சேன். விசில் சத்தம் கேட்டுச்சு. ஸ்டாப்பே இல்லாத எடம். அவ குழந்தையைத் தூக்கிட்டு இறங்கிட்டா. மொட்டை வெயிலு, ஒரு மரம் மட்டை இல்லை. கண்ணாடியில பாத்தேன், ரோட்டோரமா நடந்து வர்றா. வர வரச் சின்னதாகிப் போயிட்டா. எதுக்கு அங்க இறங்குனான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை தம்பி. ராத்திரி படுத்தா அதுதான் வந்து நிக்குது. பாட்டு இன்னும் கொஞ்சம்தான் இருந்துச்சு.

நேத்து கிட்டுசாமி போன் பண்ணுனான். அவ போயிட்டாளாம். என்ன ஏதுன்னு அவன் சொல்லலை, நானும் கேக்கலை. இந்தா பாருங்க, பென் டிரைவு. செல்போன் கடைக்காரன்கிட்ட அந்தக் கேசட்டைக் குடுத்து ஏத்தி வாங்கியிருக்கேன். அவன் மொதல்ல வரிசையைக் கலைச்சுக் குடுத்துட்டான், நான் திரும்பப் போயி சண்டை போட்டு ஒன்னு, ரெண்டுன்னு நம்பர் போட்டு வாங்குனேன். எழவு வீட்டுல மைக் செட்டு கட்டியிருப்பாங்கல்ல, அந்த ஆளைப் புடிச்சு, எடுக்கறதுக்கு முன்னாடி மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஓட விடச் சொல்லோணும். அவ ஊட்டுக்காரன் வேண்டாம்பான், தெரியும். காலுல விழுந்தாவது கேக்கோணும். அந்தக் கடைசி வரி அவ காதுல விழுந்துட்டாப் போதும். எனக்குக்கூடக் கேக்க வேண்டாம்.

இல்லை, நீங்க அப்ப இருந்து என் கையைப் புடிச்சு என்னமோ சொல்ல வர்றீங்க. நான்தான் இருங்க இருங்கன்னு சொல்லிட்டே வர்றேன். சொல்லுங்க. விசயம் முடிஞ்சுது, இப்பச் சொல்லுங்க.

என்னது?

எப்ப? பச்ச வண்டி வந்து தாண்டுனான்னு சொன்னேனே, அப்பவா? அப்பவே கள்ளிமேட்டுப் பிரிவு போயிருச்சா? திரும்பிப் போறதுக்கு வண்டி எத்தனை மணிக்குங்க? ஏனுங் கண்டக்டரு, திரும்பிப் போற வண்டி எப்ப? மூனு மணிக்கா? அதுக்கு முன்னாடி ஒன்னும் இல்லையா?

உச்சிக்கு முன்னாடி எடுத்துருவாங்களே.

இல்லை தம்பி, நீங்க உக்காருங்க. உங்க மேல என்ன இருக்குது. நீங்க சொல்லத்தான் வந்தீங்க. எல்லாம் இந்த டிரைவர் பண்றது. என்ன வேகம், என்ன வேகம். வெள்ளிங்கிரிக்குப் பொறந்தவன் மாதிரி ஓட்டறான். சித்த நிதானமா ஓட்டியிருந்தான்னா, நான் சொல்லி முடிச்சிட்டு அந்த எடத்துல இறங்கியிருப்பேன்.